உள்ளூரிலேயே ஊர் பார்ப்பது எப்படி: மதுரைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் திருமலை நாயக்கர் மகாலைக் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவிலோ, வெளியூரிலிருந்து வந்த உறவினருக்குத் துணையாகப் போனபோதோதான் இருக்கும். விடுமுறை என்றால் கொடைக்கானல், கையில் நாலு காசு கூடுதலாக இருந்தால் மூணாறு என்று புறப்படுகிறோமே தவிர, கீழக்குயில்குடியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாறையில் அமர்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரரைப் பார்க்க ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவதில்லை. பக்கத்தில்தானே இருக்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்ற நினைப்பிலேயே வருடங்கள் ஓடிவிடுகின்றன. அந்தக் காலைப்பொழுதை எப்படி ஒதுக்குவது, ஒதுக்கிய பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியது இக்கட்டுரை.

‘பார்க்க வேண்டிய இடங்கள்’ என்னும் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குவது உள்ளூர்க்காரருக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அதில் உள்ள பெயர்கள் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்த பெயர்கள் என்பதாலேயே ஆர்வம் எழுவதில்லை. எனவே தெரியாத இடத்தைத் தேடி அலைவதைவிட, தெரிந்த இடத்துக்குத் தாம் ஒருபோதும் போகாத நேரத்தில் போய்ப் பார்ப்பதையே முதல் படியாகச் சொல்வேன். தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அந்த ஊர் விழித்திருக்கும் நேரங்களில் பெரும்பாலும் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எடுத்துக்காட்டாக, மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தைத் தம் வீட்டு வாசலைப் போல அறிந்தவர்கள்கூட, அதற்கு அருகிலேயே இருக்கும் மலர்ச் சந்தைக்குள் விடியற்காலையில் நுழைந்திருக்க மாட்டார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருட்டோடு பறிக்கப்பட்ட மல்லிகை மொட்டுகள் சாக்குகளிலும் பைகளிலும் வந்து இறங்கும் அந்த நேரத்தில், கமிஷன் கடைகளின் முன்னால் சம்பங்கி, செவ்வந்தி, பிச்சி, முல்லை, மரிக்கொழுந்து என்று குவியல் குவியலாகக் கொட்டிக் கிடக்கும். அங்கே கவனிக்க வேண்டியது பூவின் அழகை மட்டுமன்று, அதன் விலையையும்தான். முகூர்த்த நாளுக்கு முந்தைய காலையில் ஏறும் விலை, முகூர்த்தம் முடிந்த மறுநாள் சரிந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்துக் குறையும்போது ஒரு கிலோ மல்லிகை ஆயிரங்களில் விற்கும்; கோடையில் வரத்துப் பெருகியதும் அதே பூ சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தித்தாளில் படித்திருப்போம். ஆனால் அதன் இதழ் ஏன் தடிப்பு, காம்பு ஏன் நீளம், பறித்த பிறகும் ஏன் மாலைவரை மொட்டாகவே நிற்கிறது என்பதையெல்லாம் கையில் அள்ளிப் பார்த்தால்தான் விளங்கும். சுமையோடு வருபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். வியாபாரம் சூடாக நடக்கும்போது கேள்வி கேட்டு நிறுத்தக் கூடாது. சற்று ஓய்ந்த பிறகு ஒரு கடையில் கால் கிலோ உதிரிப்பூ வாங்கி, வாழைநாரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், இரண்டிரண்டு மொட்டுகளை எதிரெதிராக வைத்துத் தொடுத்துப் பாருங்கள். ஒரு முழம் நெருக்கமாக விழ எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்த பிறகு, கோயில் வாசலில் பூக்காரம்மாவிடம் பேரம் பேசும் எண்ணமே வராது.

இதேபோல மீனாட்சியம்மன் கோயிலைப் பகலில் தரிசன வரிசையில் நின்று பார்த்தவர்கள், ஒருமுறை நடை சாத்தப்படுவதற்குச் சற்று முன்பு போக வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல், சுந்தரேசுவரரின் திருப்பாதங்கள் பல்லக்கில் எழுந்தருளி அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்குச் செல்லும் பள்ளியறை பூசை நாள்தோறும் நடைபெறுகிறது. பகலின் நெரிசல் அப்போது வடிந்திருக்கும். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லையாதலால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. வெளியே ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும் அவசரம் மிச்சமாகும்.

நேரத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது மாதம். கோயிலைச் சுற்றிலும் உள்ளே ஆடி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தெருக்களுக்கே மாதங்களின் பெயரை வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பி ஊர் பார்க்க நினைப்பது பொருத்தமில்லை. (சித்திரைத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது என்று குழந்தைகள் கேட்டால், மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதையும், தேர் மட்டும் பழைய வீதியிலேயே தங்கிவிட்டதையும் சொல்லுங்கள்.) நாட்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, ஆண்டின் தொடக்கத்திலேயே மூன்று நான்கு நாள்களைக் குறித்துவிட வேண்டும். ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கும் நாளில் ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்புக்குப் போகலாம். தைப் பௌர்ணமியில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழா இன்னொன்று. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைப் பற்றி மதுரைக்காரருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

சித்திரைத் திருவிழாவைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகை ஆற்றில் இறங்கும் அந்த ஒரு கணத்தைக் காண்பதற்காக இலட்சக்கணக்கானோர் ஆற்றங்கரையில் முண்டியடிக்கிறார்கள்; முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, முந்தைய நாள் மூன்றுமாவடியில் எதிர்சேவைக்குப் போகலாம். அழகர்மலையிலிருந்து மண்டகப்படிகளில் நின்று நின்று வரும் அழகரை நகரத்து மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் நிகழ்ச்சி அது. அங்கேயும் கூட்டம் உண்டென்றாலும், நெடுஞ்சாலை நெடுகப் பரவி நிற்பதால் மூச்சு முட்டாது. தோல் பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அழகர் மீது பீய்ச்சுவதற்காக விரதமிருந்து வரும் அடியவர்களையும், கருப்பசாமி வேடமிட்டு வருபவர்களையும் அருகில் நின்று பார்க்கலாம். ஆற்றில் இறங்கியதோடு விழா முடிந்துவிட்டதாக நினைத்து வீடு திரும்புகிறவர்களே மிகுதி. மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரக் காட்சி என்று விழா தொடர்கிறது. இரவு முழுவதும் ஒவ்வோர் அவதாரக் கோலமாக மாறி மாறி அழகர் காட்சி தரும் அந்தத் தசாவதாரத்துக்கு, மாலையில் நன்றாக ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போவதே சரி.

திருவிழா இல்லாத சாதாரண நாள்களில் நடப்பதற்கு ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வண்டியை வீட்டில் வைத்துவிட்டு நகரப் பேருந்தில் வருவது முக்கியம், ஏனென்றால் வண்டியை நிறுத்தும் கவலை இருக்கும்வரை எந்தத் தெருவையும் முழுதாகப் பார்க்க முடியாது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. கீழச் சித்திரை வீதியில் தொடங்கி, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தைக் கடந்து கிழக்கே வந்தால், முடிக்கப்படாமலே நின்றுவிட்ட இராய கோபுரத்தின் கல் நிலைகள் எழுகடல் தெருவில் உங்களை எதிர்கொள்ளும். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராடுவதற்காக ஏழு கடல்களும் வந்து சேர்ந்ததாகப் புராணம் சொல்லும் குளம் இருந்த இடம் அது. இப்போது அங்கே நிற்பது வணிக வளாகம். அதே பகுதியில் பாண்டியர் காலக் கோட்டையின் கிழக்கு வாயில் எனப்படும் விட்டவாசல் ஒன்று கடைகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கிறது. அதன் அடியில் தினமும் நடந்து போகிறவர்களில் அண்ணாந்து பார்ப்பவர்கள் சிலர்தான். அங்கிருந்து விளக்குத்தூண் பக்கமாகத் திரும்பலாம். 1840களில் நாயக்கர் காலக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து நகரத்தை விரிவாக்கிய மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தப்பட்ட விளக்குத் தூண்தான் அது. அந்த வேலையில் அவருக்கு உதவியவர்களின் பெயரே மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் வழங்குகிறது. மதில் இருந்த கோட்டின் மேல் அமைந்தவைதான் நான்கு வெளி வீதிகளும். மகாலுக்கு அருகில் உள்ள பத்துத்தூண் சந்தில், நாயக்கர் அரண்மனையின் மிச்சமான பத்துக் கல் தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கிடையே வானத்தைப் பார்த்து நிற்பதைக் கண்டால், இன்றைக்கு நாம் மகால் என்று சொல்வது பழைய அரண்மனையில் ஒரு பகுதி மட்டுமே என்பது உறைக்கும். இவ்வளவையும் பார்க்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வெயிலுக்கு முன்னால், கடைகள் திறப்பதற்கும் முன்னால் போனால் கதவுகளும் நிலைகளும் மறைப்பின்றித் தெரியும்.

நடந்து களைத்த பிறகு சாப்பாடு. இதற்கு நான் சொல்லும் விதி ஒன்றே: எந்தப் பண்டத்துக்கு எந்த நேரமோ அந்த நேரத்தில் அதைச் சாப்பிட வேண்டும். விளக்குத்தூண் பக்கம் போனதற்காகக் காலை பத்து மணிக்கு ஜிகர்தண்டா குடிப்பதில் பொருளில்லை. பாதாம் பிசினும் நன்னாரியும் பாலேடும் வெயில் ஏறிய பிறகுதான் உடம்புக்குப் பொருந்தும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப்பால், மாலை இருட்டும் நேரத்தில் தள்ளுவண்டியில் சூடாக வரும்போது குடிக்க வேண்டியது. கறிதோசைக்கு இரவு. அழகர் கோயில் தோசையை மட்டும் அழகர் கோயிலிலேயே வாங்க வேண்டும்.

மூன்றாவதாக, இடத்தையும் காலத்தையும் விட்டுவிட்டு ஒரு தொழிலைப் பின்பற்றிப் போகலாம். சுங்குடிச் சேலை நம் வீட்டுப் பீரோவில் இருக்கும். அதை உருவாக்கிய சௌராஷ்டிர மக்களின் தெருக்கள் மகாலைச் சுற்றியும் கிருஷ்ணாபுரம் பகுதியிலும் இருக்கின்றன. துணியில் புள்ளி இட வேண்டிய இடத்தை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் முக்கி, உலர்ந்த பின் அவிழ்த்தால் சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளி நிற்கும். இப்படி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போட வேண்டும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலையைக் கையால் கட்டுகிறவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள், கடைகளில் சுங்குடி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அச்சிட்டவையே. வேறுபாட்டை அறிய ஒரு வழி உண்டு. கையால் கட்டிய புள்ளியில் துணி மெல்லச் சுருங்கி விரலுக்குத் தட்டுப்படும், புள்ளிக்குப் புள்ளி அளவும் சற்று மாறும். அச்சிட்டதில் எல்லாப் புள்ளிகளும் ஒரே வார்ப்பாகத் தட்டையாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் கடைக்காரரிடமே உரிய கேள்வியைக் கேட்கலாம், அவரும் விவரம் தெரிந்தவரிடம் பேசுவதுபோலப் பேசுவார்.

விளாச்சேரியும் இத்தகைய ஓர் ஊர். கொலுப் பொம்மைகளும் விநாயகர் சிலைகளும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்யும் குடும்பங்கள் அங்கே வசிக்கின்றன. புரட்டாசியில் போனால் விற்பனையை மட்டும் பார்க்கலாம். ஆடி, ஆவணியில் போனால் அச்சில் இருந்து எடுத்த பொம்மைகள் வண்ணம் ஏறாமல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருப்பதையும், கண் திறப்பதற்கு முந்தைய முகங்களையும் பார்க்க முடியும். பொம்மை செய்கிறவரின் வீடும் பட்டறையும் ஒன்றுதான் என்பதால், வாசலில் நின்று ‘உள்ளே வரலாமாங்கய்யா’ என்று கேட்டுவிட்டு நுழைவது முறை. கைப்பேசியைத் தூக்குவதற்கு முன்பும் கேட்க வேண்டும். நேரம் ஒதுக்கிப் பேசியவரிடம் சின்னதாக ஒரு பொம்மையாவது வாங்காமல் திரும்புவது அழகன்று.

இனி மலைகள். மதுரையைச் சுற்றி இருக்கும் குன்றுகளில் ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் சமணத் துறவிகளின் கற்படுக்கையோ சிற்பமோ தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தோ இருக்கிறது. அவற்றில் முதலில் போக வேண்டியது கீழக்குயில்குடிச் சமணர் மலை. தேனிச் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து பிரிந்து உள்ளே போனால், ஆலமரங்களும் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் சேர்ந்த மலையடிவாரம் வரும். மலையின் மற்றொரு புறத்தில் உள்ள செட்டிப்புடவு என்னும் குகைக்கு முதலில் போய்விடுவது நல்லது. குகையின் வெளிப்புறப் பாறையில் பெரிய உருவமாகத் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். குனிந்து உள்ளே போனால் வளைந்த கூரையின் கீழ் வரிசையாகச் சிற்பங்கள் இருக்கும். அவற்றில் சிங்கத்தின் மீதேறி யானையோடு பொருதும் இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வத்தின் உருவத்தைத் தவறவிடக் கூடாது. பார்வை இருட்டுக்குப் பழகும்வரை உட்கார்ந்திருங்கள். அதன் பிறகு அடிவாரத்துக்குத் திரும்பிப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரே வரிசையில் செதுக்கப்பட்ட உருவங்களின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதி செய்வித்த திருமேனி என்று அவற்றில் ஒன்று சொல்கிறது. தலைக்கு மேல் பாம்புப் படம் விரித்திருந்தால் பார்சுவநாதர், நின்ற உடலில் கொடி படர்ந்திருந்தால் பாகுபலி என்ற இரண்டு அடையாளங்களை மட்டும் முன்கூட்டியே குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டால், மற்றதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். இன்னும் ஏற வலு இருப்பவர்கள் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்னும் பழைய சமணப் பள்ளியின் அடித்தளத்தைப் பார்த்து வரலாம்.

காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம். பாறை சூடேறிய பிறகு ஏறுவது துன்பம். பங்குனி முதல் ஆடிவரை அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மேலே கடை எதுவும் இல்லை, எனவே தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். வெறும் பாட்டிலைக் கையோடு கொண்டு வந்துவிடவும் வேண்டும். இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள், சிற்பத்தின் மீது எண்ணெய் தடவுவதும் பெயர் கிறுக்குவதும் குற்றம். தனியாகப் போகத் தயங்குபவர்கள், யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்துக்கு எதிராக 2010இல் எழுந்த குரல்களை ஒட்டித் தோன்றிய ‘பசுமை நடை’ போன்ற குழுக்களோடு சேர்ந்து போகலாம். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர் உடனிருந்தால் அரைமணியில் தெரிந்துகொள்வது அதிகம். ஆனால் ஒரே நாளில் சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி என்று மூன்றையும் முடித்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். யானைமலை அடிவாரத்தில் கி.பி. 770இல் பாண்டிய அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரையும், அருகிலேயே முருகனுக்குரிய இலாடன் கோயிலும் மட்டுமே ஒரு காலைக்குப் போதும். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு, பறவைகள் தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு இன்னொரு நாள் போக வேண்டும். அங்கே பார்க்க வேண்டியதில் பாதி வானத்தில்தான் இருக்கிறது.

மலையேற முடியாதவர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு சிறிய பயணத்தைச் சொல்கிறேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தம் வழக்கமான உடையைக் களைந்து அரையாடைக்கு மாறியது மேல மாசி வீதியில் உள்ள வீடொன்றில்; இன்று அதன் கீழ்த்தளத்தில் கதர்க் கடை நடக்கிறது. அந்த உடையில் அவர் மக்கள் முன் தோன்றிய இடம் காமராசர் சாலையில் காந்திப் பொட்டல் எனப்படுகிறது. 1948இல் அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த ஆடை, இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மூன்று இடங்களையும் இதே வரிசையில் ஆட்டோவில் போய்ப் பார்த்தால் ஒரு முற்பகல் போதும். பள்ளிச் சுற்றுலாவில் அருங்காட்சியகத்தை மட்டும் ஓடி ஓடிப் பார்த்தவர்களுக்கு, முதலிரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு அங்கே நுழைவது வேறு மாதிரியாகவே இருக்கும்.

அகழாய்வு நடந்த கீழடிக்கும் பார்க்கும் வரிசை முக்கியம். சிவகங்கை மாவட்டம் என்றாலும் மதுரையிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான்; 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் கட்டப்பட்டது. பெரும்பாலோர் அங்கே பொருள்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அப்படியின்றி, பானை ஓடுகளில் கீறப்பட்ட ‘ஆதன்’, ‘குவிரன்’ என்னும் பெயர்களை மட்டும் தேடிக் கண்டுபிடிப்பது என்று ஒரே ஒரு வேலையை வைத்துக்கொண்டு போங்கள். அது முடிந்ததும் மற்றவற்றின் மீது பார்வை தானாகவே நின்று நின்று செல்லும். வாரவிடுமுறை எந்தக் கிழமை என்று புறப்படும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொங்கல், கோடை விடுமுறைகளிலும் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் தாங்காது, எனவே ஒரு நாள் விடுப்பெடுத்து வேலைநாளில், திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது.